குழந்தையின் மாதங்களை எண்ணிப் பாடிய பெரியாழ்வாரும், குறைமாதக் குழந்தையின் மூளையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் நினைவுக்கு வருவார், 11 நிலைக் கோபுரம் நினைவுக்கு வரும், கொஞ்சம் பசியோடு இருந்தால் பால்கோவா நினைவுக்கு வரும். ஆண்டாளை வளர்த்த அப்பா இதற்கெல்லாம் பிறகுதான் வருவார். ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இது எப்போ குப்புற விழும், எப்போ கை தட்டும், எப்போ நடக்கும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா, அப்பாக்களுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

பெரியாழ்வார். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். குழந்தை தொட்டிலில் உதைப்பதில் தொடங்கி, தள்ளாடித் தள்ளாடி நடப்பது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் பாட்டுக் கட்டியவர். அவர் பார்த்தது கையையும் காலையும். அந்தக் கை கால்களுக்குப் பின்னால், மூளைக்குள் கோடிக்கணக்கான நரம்பு இழைகள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டிருக்கின்றன என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. குறைமாதக் குழந்தைகளில் அந்த இணைப்பு எப்படி உருவாகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை ஸ்கேனில் நேரடியாகப் பார்க்க முடிந்ததே கடந்த சில பத்தாண்டுகளில்தான். இன்றைக்கும் எல்லா ஊரிலும் அந்த ஸ்கேன் கிடையாது. அது இல்லாத இடத்தில் குழந்தை மருத்துவர்கள் பார்ப்பது, ஏறக்குறைய பெரியாழ்வார் பார்த்த அதே அசைவுகளைத்தான்.

பூந்தோட்டக்காரர்

அவருடைய இயற்பெயர் விஷ்ணுசித்தர். ஆனி மாதம், சுவாதி நட்சத்திரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர் என்கிறது வைணவ மரபு. காலம் பற்றி ஆய்வாளர்களிடம் வேறுபாடு உண்டு. எட்டாம் நூற்றாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று இரண்டும் சொல்லப்படுகின்றன. பாண்டிய நாட்டுக் காலம் என்பதில் சந்தேகமில்லை. அன்றைக்கு ராஜபாளையம் என்ற ஊர் கிடையாது. மேற்கே மலை, நடுவே கண்மாய்கள், காடு, கோயில். அவ்வளவுதான்.

வேதம் படித்த குடும்பத்தில் பிறந்தாலும், வாதம் செய்து பெயர் வாங்குவதில் விஷ்ணுசித்தருக்கு ஆர்வம் இருந்ததில்லை. என்ன செய்தால் திருமாலுக்குப் பிடிக்கும் என்று யோசித்தார். மதுராவில் கண்ணன் ஒரு பூக்காரர் வீட்டுக்குத் தானே தேடிப் போய் மாலை கேட்டு வாங்கிய கதை அவர் மனதில் தங்கியது. பெரிய யாகங்களைவிடப் பூதான் சரி என்று முடிவு செய்தார். நந்தவனம் போட்டார். வடபத்திரசாயி கோயிலுக்குத் தினமும் மாலை கட்டிக் கொடுப்பது அவர் வேலை ஆனது.

தோட்டக்காரருக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். நேற்று மொட்டாக இருந்தது இன்று எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம். அவருடைய பாசுரங்களில் அந்தக் கண் நன்றாகவே தெரிகிறது.

கடவுளுக்காகப் பயந்தவர்

அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம் மதுரையில் நடந்தது. பாண்டிய மன்னன் வல்லபதேவனுக்கு, மறுமைக்கு வழிகாட்டும் பரம்பொருள் எது என்று ஒரு கேள்வி. அவையில் பொற்கிழி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பதிலை நிறுவுகிறவருக்கு அது என்று அறிவித்தான். அமைச்சர் செல்வநம்பியின் ஏற்பாட்டில் போட்டி நடந்தது. பூந்தோட்டத்தில் இருந்த விஷ்ணுசித்தர் அங்கே போய்ப் பேசினார். கிழி தானாகவே அவர் பக்கம் தாழ்ந்து வந்தது என்கிறது மரபு. மன்னன் அவரைப் பட்டத்து யானை மேல் ஏற்றி நகர்வலம் விட்டான். பட்டர்பிரான் என்ற பெயரும் கிடைத்தது.

இதுவரை வெற்றிக் கதை. அடுத்து நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் அவரை மற்ற ஆழ்வார்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. யானை மேல் போகும்போது வானத்தில் கருடன் மேல் திருமால் காட்சி தந்தார். வேறு யாராக இருந்தாலும் வரம் கேட்டிருப்பார்கள். விஷ்ணுசித்தருக்கு வந்ததோ பயம். இவ்வளவு அழகாக, எல்லோர் கண்ணிலும் படும்படி வந்து நிற்கிறாரே, கண்பட்டுவிடுமே என்ற பயம். யானையின் கழுத்தில் கிடந்த மணிகளையே தாளமாக எடுத்துக்கொண்டு, கடவுளை நீடூழி வாழ வாழ்த்திப் பாடினார். அதுதான் 12 பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு. நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் இன்றைக்கும் அதில்தான் தொடங்குகிறது. காப்பாற்ற வேண்டியவனையே காப்பாற்ற நினைத்த இந்தப் பெற்ற மனதுக்காகத்தான் அவருக்கு 'பெரிய' ஆழ்வார் என்ற பட்டம்.

குழந்தையைப் பார்த்துப் பயப்படுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, ஒரு பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். உலகத்தில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்தன. பத்தில் ஒன்று. அதில் இந்தியாவின் பங்கு சுமார் 30 லட்சம். எந்த நாட்டையும்விட அதிகம். குழந்தை பிழைக்குமா என்பது முதல் கேள்வி. பிழைத்த பிறகு வரும் கேள்விக்குப் பதில் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்: மூளை நல்லா இருக்குமா?

வயிற்றுக்குள் போடப்படும் சாலை

அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று புரிய, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

24-ஆவது வாரத்தில் குழந்தையின் மூளை மேற்பரப்பு ஏறக்குறைய வழவழவென்று இருக்கும். பெரியவர்கள் மூளையில் இருக்கும் மடிப்புகள் பெரும்பாலும் அப்போது கிடையாது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், 14 முதல் 24 வாரம் வரையிலான கருவின் மூளையை மெல்லிய படலங்களாக வெட்டிப் படமெடுத்து, 5,132 படங்களை 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. 'தரணி' என்று அதற்குப் பெயர். ரொம்ப சீக்கிரம் பிறக்கும் குழந்தைகள் எந்த நிலையில் உள்ள மூளையோடு வெளியே வருகிறார்கள் என்பதை அந்தப் படங்களின் கடைசிப் பக்கங்கள் காட்டுகின்றன.

அந்த நேரத்தில் நியூரான்கள் பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்கும். ஆனால் அவற்றுக்கு இடையேயான தொடர்பு இனிமேல்தான். மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. கண், காது, தோல் அனுப்பும் செய்திகள் எல்லாம் அங்கே வந்துதான் மேற்புறணிக்குப் போகும். தலாமஸிலிருந்து கிளம்பும் இழைகள் மேற்புறணிக்குக் கீழே ஒரு தற்காலிக அடுக்கில் கொஞ்ச காலம் காத்திருந்து, 24-ஆவது வாரத்தை ஒட்டித்தான் உள்ளே நுழைய ஆரம்பிக்கின்றன. சரியாக இந்த நேரத்தில், இந்த வேலை பாதியில் இருக்கும்போது, குழந்தை பிறந்துவிட்டால்?

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் பெரிய சாலையும் முக்கியச் சந்திப்புகளும் வருகின்றன. பிறகுதான் ஒவ்வொரு ஊருக்கும் கிளைச் சாலை பிரிகிறது. தார் போடுவது அதற்கும் பிறகு. மூளையிலும் ஏறக்குறைய இதே கதைதான். முக்கியச் சந்திப்புகளும் அவற்றை இணைக்கும் பெருவழிகளும் 30-ஆவது வாரத்திலேயே அமைந்துவிடுவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டின. குறைமாதக் குழந்தைகளிலும் அந்தப் பெருவழிகள் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டுவிடுகின்றன. அடி வாங்குவது கிளைச் சாலைகள், குறிப்பாகத் தலாமஸுக்கும் மேற்புறணிக்கும் இடையிலான இணைப்புகள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையையும், சீக்கிரம் பிறந்து இப்போது அதே 40-ஆவது வாரத்தை எட்டிய குழந்தையையும் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்தால், சராசரியாக இந்த இடத்தில் வித்தியாசம் தெரிகிறது.

தார் போடும் வேலையை மூளையில் செய்வது மையலின் என்ற கொழுப்பு உறை. நரம்பு இழையைச் சுற்றி அது படிந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். உறையைப் போடப்போகும் செல்கள் 23 முதல் 32 வாரம் வரை இன்னும் முதிராத நிலையில் இருக்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்தாலோ, கிருமித் தொற்றால் உடலில் அழற்சி வந்தாலோ முதலில் பாதிக்கப்படுவது இவைதான். ஆகவே குறைமாதக் குழந்தையின் மூளையில் பல நேரம் நடப்பது ஓர் இடம் அழிந்துபோவது என்பதைவிட, போட வேண்டிய உறை போடப்படாமல் நின்றுவிடுவது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் மட்டுமில்லை, பழைய கிரேக்கத்திலும் இருந்திருக்கிறது. சுத்தப் பொய். 34-ஆவது வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத எடையில் ஏறக்குறைய 65 சதவீதம்தான். வயிற்றுக்குள் கிடைக்கும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் லாபமே.

உதைக்கும் கால்

திருப்பல்லாண்டுக்குப் பிறகு பெரியாழ்வார் பாடியது பெரியாழ்வார் திருமொழி, 461 பாசுரங்கள். அதன் முற்பகுதி முழுக்கக் கண்ணனின் குழந்தைப் பருவம். கவிஞர் யசோதையாகவே மாறிவிடுகிறார். கடவுள் இங்கே வாயில் எச்சில் ஒழுக, இடுப்பில் உட்கார்ந்து, அம்மாவைப் பாடாய்ப் படுத்தும் ஒரு பிள்ளை.

கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைச் சொல்லி வரும்போதே ஓர் அம்மாவின் அலுப்பு வந்துவிடுகிறது. தொட்டிலில் போட்டால் அது கிழியும்படி உதைக்கிறான், தூக்கினால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்தால் வயிற்றில் பாய்கிறான் என்று யசோதை புலம்பி, உடம்பு மெலிந்து போனேன் என்கிறாள். தூக்கமில்லாத எந்த அம்மாவும் தலையாட்டுவார்.

அந்த உதைக்குப் பின்னால் ஒரு மருத்துவச் சேதி இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர், குழந்தைகள் சும்மா படுத்துக் கை கால் ஆட்டுவதை ஆண்டுக்கணக்கில் படமெடுத்துப் பார்த்தார். எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணினால் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், குழந்தையின் கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துறுதுறு அசைவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூளையும் தண்டுவடமும் சரியாகப் பேசிக்கொள்கின்றன என்பதற்கு அது அடையாளம். அந்தத் துறுதுறுப்பு வரவே இல்லை என்றால் பிற்காலத்தில் பெருமூளை வாதம் வரும் அபாயம் அதிகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குழந்தை அழாமல், விழித்தபடி மல்லாந்து படுத்திருக்கும்போது மேலிருந்து எடுத்த சில நிமிட வீடியோ போதும். செல்போனிலேயே எடுக்கலாம். பார்த்துச் சொல்வதற்குத்தான் பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

காலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மூளையிலிருந்து காலுக்குப் போகும் இழைகள், மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. குறைமாதக் குழந்தைகளில் பாதிப்பு அதிகம் வருவதும் அந்த அறைகளை ஒட்டிய இடத்தில்தான். கைக்குப் போகும் இழைகள் கொஞ்சம் தள்ளி ஓடுவதால் பல நேரம் தப்பிவிடுகின்றன. கால் விறைப்பாக, கை ஓரளவு நன்றாக இருக்கும் குழந்தைகளைப் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

இந்தத் தொடர்பை முதலில் ஊகித்தவர் லண்டனில் ஒரு மருத்துவர், வில்லியம் லிட்டில். குழந்தையில் வந்த நோயால் தன் ஒரு காலே வளைந்துபோனவர். 1861-இல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில், கால் விறைத்த குழந்தைகளின் வரலாற்றைத் தொகுத்து வைத்து, குறைப்பிரசவமும் பிரசவ நேர மூச்சுத்திணறலும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டார். இந்த விறைப்பு நோய்க்கு நீண்டகாலம் லிட்டில் நோய் என்றே பெயர் இருந்தது.

செங்கீரை, சப்பாணி, நிலா

தாலாட்டு முடிந்ததும் திருமொழியில் அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று அடுத்தடுத்து வருகின்றன. இந்தப் பாசுரங்களைத்தான் பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கு விதை என்று சொல்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடினார், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சி மேல் பாடினார். அதற்குள் பருவங்களுக்கு மாதக் கணக்கே வந்துவிட்டது: செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று.

செங்கீரை என்பது குழந்தை குப்புறக் கிடந்து, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, காற்றில் கீரை ஆடுவதுபோல் ஆடும் நிலை. கழுத்தும் தோளும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன என்று அர்த்தம்.

சப்பாணி இன்னும் சுவாரசியம். இரண்டு கையும் நடுவில் சந்திக்க வேண்டும் என்றால் மூளையின் இடது பாதியும் வலது பாதியும் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டையும் இணைக்கும் தடித்த நரம்புப் பாலம் ஒன்று இருக்கிறது. சீக்கிரம் பிறந்த குழந்தைகளில் இந்தப் பாலம் மெலிந்திருப்பது பல ஸ்கேன் ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. ஒரு கை மட்டும் வந்து, இன்னொரு கை எப்போதும் மடங்கியபடி ஒதுங்கியே நின்றால் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எதற்கும் ஒரே கையை நீட்டினால், பிள்ளை இடக்கைக்காரன் போல என்று வீட்டில் சிரித்துக்கொள்வார்கள். டாக்டர் சிரிக்க மாட்டார். அந்த வயதில் எந்தக் கைப் பழக்கமும் உறுதியாவதில்லை. மற்ற கையில் பலவீனம் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

நிலாப் பாட்டில் கண்ணன் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறான். கண்ணை அகல விழித்து நிலாவைப் பார்க்கிறான், சின்னக் கையால் சுட்டிச் சுட்டிக் காட்டி, எச்சில் கலந்த தெளியாத மழலையில் கூப்பிடுகிறான். அம்மா நிலாவிடம் பேசுகிறாள். பார்க்கச் சாதாரணக் காட்சி. ஆனால் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் மிக முக்கியமாகக் கருதும் ஒரு திறன் அதற்குள் இருக்கிறது. தான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று குழந்தை கை நீட்டுவது. பார்வை, கவனம், அடுத்தவர் முகம், மொழி என்று மூளையில் தூரத் தூரமாக இருக்கும் பகுதிகள் ஒன்றாக வேலை செய்தால்தான் அது நடக்கும். ஒரு வயதை ஒட்டி வர வேண்டிய இந்தச் சுட்டல் வராமல் இருந்தால், கை கால் எல்லாம் நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பெரியாழ்வார் நிலாவைச் செங்கீரைக்கு முன்னால் வைத்துவிட்டார். மாதக் கணக்குப்படி அது பின்னால் வர வேண்டியது. பின்வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அம்புலியைக் கடைசிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர் எழுதியது தடுப்பூசி அட்டை இல்லையே.

தளர்நடை: எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

தளர்நடைப் பாசுரங்களில் கால் சங்கிலி ஒலிக்க மெதுவாக அசைந்து வரும் யானையாகக் குழந்தை வருகிறான். முளைக்கத் தொடங்கிய பல் செவ்வானத்துப் பிறைபோல் தெரிகிறது. யானையின் அசைவைக் குழந்தையின் தள்ளாட்டத்தோடு சேர்த்துப் பார்த்தது அபாரமான கண். கால் அகட்டி, இடம் வலமாகச் சாய்ந்து, ஒவ்வோர் அடியும் யோசித்து வைப்பதுபோல.

பெரும்பாலான குழந்தைகள் 12 முதல் 18 மாதத்துக்குள் இப்படி நடந்துவிடுவார்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்த மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் வீடுகளில் சண்டையே வருகிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ 30 வாரத்தில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளலாம். பத்து வாரம் சீக்கிரம். பிறந்து ஆறு மாதம் ஆகும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்து ஆடுகிறது, இது இன்னும் ஆடவில்லை என்று பாட்டி கவலைப்படுவார். ஆனால் அந்தப் பத்து வாரத்தைக் கழித்தால் குழந்தையின் உண்மையான வளர்ச்சி வயது மூன்றே முக்கால் மாதம்தான். செங்கீரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மருத்துவர்கள் இதைக் கரெக்டட் ஏஜ் என்கிறார்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் எண்ண வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கழித்த பிறகும் தாமதமாகிறது என்றால், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான் என்று சொல்லிக் காலம் கடத்தக் கூடாது. நிற்க வைத்தால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்பது, கால்கள் கத்தரிக்கோல்போல் குறுக்கே போவது, உடம்பு விறைப்பது அல்லது துணிபோல் தொய்வது ஆகியவை காத்திருக்க வேண்டிய அறிகுறிகள் இல்லை. பிஞ்சு மூளையில் இணைப்புகள் வேகமாக உருவாகின்றன. பயன்படுத்தும் வழி பலப்படும், பயன்படுத்தாத வழி கத்தரிக்கப்படும். பயிற்சியை முதல் வருடத்திலேயே தொடங்கச் சொல்வது அதனால்தான். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதற்கென்றே அமைக்கப்பட்டன. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மில்லில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய்க்குப் பஸ் ஏறி அங்கே மாதாமாதம் போய்வருவது லேசான காரியம் இல்லை. பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகளில் பல நிற்பது இந்தப் பஸ் பயணத்தில்தான்.

குறைமாதத்தில் பிறந்த எல்லோருக்கும் பிரச்சினை வரும் என்றும் நினைக்கக் கூடாது. 34 வாரத்துக்குப் பிறகு பிறந்தவர்களில் பெரும்பாலோர் மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பிறந்தார்களோ அவ்வளவுக்கு அபாயம் கூடும்.

துளசிச் செடி அடியில்

பெரியாழ்வாரின் சொந்த வாழ்க்கைக்கு ஒரு குழந்தை வந்தது அதே நந்தவனத்தில்தான். ஆடிப் பூரத்தன்று துளசிச் செடி அடியில் ஒரு பெண் குழந்தை கிடந்தது என்கிறது மரபு. யார் பெற்றார்கள் என்ற கதை கிடையாது. எடுத்துக் கோதை என்று பெயர் வைத்து வளர்த்தார். பெற்றவள் இல்லாத குழந்தையைத் தோட்டத்து மண்ணிலிருந்து தூக்கி எடுத்த அந்தக் கைகள்தான் தாலாட்டும் எழுதின.

தாலாட்டைப் பற்றி இன்றைய அறிவியலுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்குச் சுமார் 25 வாரத்திலிருந்து ஒலி எட்டத் தொடங்குகிறது. அதில் அதிகம் கேட்பது அம்மாவின் குரலும் இதயத் துடிப்பும். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்குக் கேட்பதோ மானிட்டர் அலாரமும் இன்குபேட்டர் கதவு சாத்தும் சத்தமும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு இந்த வார்டுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. சத்தத்தைக் குறைப்பது, வெளிச்சத்தை மறைப்பது, தூங்கும் குழந்தையைத் தேவையில்லாமல் எழுப்பாமல் இருப்பது எல்லாமே மூளை இணைப்புக்கான சிகிச்சைதான்.

இன்னொரு சிகிச்சை செலவே இல்லாதது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே சனப்ரியா என்ற மருத்துவர் குழந்தையை அம்மாவின் மார்பில், தோலோடு தோல் ஒட்டக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படித்தான் பிறந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. எடை மிகக் குறைந்த குழந்தைகளை உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே அம்மாவின் மார்பில் சேர்த்தபோது முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது: ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இன்னும் அதிகமாக. அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

கோதை வளர்ந்தாள். அப்பா கோயிலுக்குக் கட்டிவைத்த மாலையைத் தான் சூடிக் கண்ணாடியில் அழகு பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆண்டாள் ஆனாள், திருப்பாவை பாடினாள், திருவரங்கத்தானையே மணப்பேன் என்று அடம்பிடித்து, கடைசியில் அரங்கன் சன்னதிக்கே போய்ச் சேர்ந்தாள். திருமொழியில் யசோதைப் பாட்டுகள் முடிந்த பிறகு வேறொரு தாயின் குரல் வருகிறது. புழுதியில் விளையாடும், புடவையை ஒழுங்காகச் சுற்றவும் தெரியாத, பேச்சு இன்னும் தெளியாத என் மகள் என்று அந்தத் தாய் தவிக்கிறாள். அடுத்த பத்தில் மகளைக் காணோம். வீடு, பூவெல்லாம் பனியில் கருகி உதிர்ந்த தாமரைக் குளம்போல் கிடக்கிறது. இருந்த ஒரே மகள் போய்விட்டாள் என்கிறாள் தாய். மாமியார் வீட்டில் அவளை எப்படி நடத்துவார்கள் என்றும் கவலைப்படுகிறாள்.

மகள் போன பிறகு பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிப் பூத்தொண்டைத் தொடர்ந்தார். கடைசிக் காலத்தில் மதுரைக்கு அருகே திருமாலிருஞ்சோலை, அதாவது இன்றைய அழகர்கோவில் போய், அங்கேயே மறைந்தார் என்பது மரபு. அவருடைய திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையின் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. விட்டுப்போன பகுதிக்குப் பின்னாளில் மணவாள மாமுனிகள் உரை எழுதி நிரப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்திரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் சன்னதிக்கும் நடுவே, கோதை கிடந்ததாகச் சொல்லப்படும் நந்தவனம் இப்போதும் இருக்கிறது.